நார்க்கட்டிக்குள் நீலப் புள்ளிகள்

ஃபைப்ராய்டு ஸ்லைடு என்றால் நோயியல் மருத்துவர்களுக்குக் கொஞ்சம் அலுப்புதான். பெண்களுக்கான அறுவைச் சிகிச்சை நடக்கிற எந்த ஊரிலும் ஆய்வகத்துக்கு அன்றாடம் வந்து சேர்வது கர்ப்பப்பையும் அதில் வளர்ந்த நார்க்கட்டிகளும். ட்ரேயில் அடுக்கியிருக்கும் ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்க்கும் முன்பே விடை தெரியும். தென்மாவட்ட நகரம் ஒன்றின் ஆய்வகத்தில் நெடுங்காலம் இந்த வேலை பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் உண்டு. அவரிடம் படித்த முதுநிலை மாணவர்களுக்கு அவர் பெயர் ‘மேடம்’ மட்டும்தான். “ஃபைப்ராய்டு தானேன்னு ஓட்டிட்டுப் போகாதீங்க. நாலு ஓரத்தையும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்பார். மாணவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு ஓட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அத்தனை பரவலான கட்டி இது. வாஷிங்டன் நகரப் பெண்களை அல்ட்ராசவுண்ட் வைத்துச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐம்பது வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இந்தக் கட்டி வந்துவிடும் என்று கணக்கிட்டது. பலருக்கு இருப்பதே தெரியாது. சிலருக்கு மாதவிலக்கில் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, ரத்தசோகை, அடிவயிற்றில் பாரம். கர்ப்பப்பைச் சுவரின் ஒற்றைத் தசைச் செல் ஒன்று தறிகெட்டுப் பெருகுவதால் ஒவ்வொரு கட்டியும் உண்டாகிறது. அப்படிப் பெருக வைக்கிற மரபணுப் பிழையில் முதன்மையானது மெட்-12 என்ற மரபணுவில் இருப்பதை 2011-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்த கட்டிகளில் சுமார் 70 சதவீதத்தில் அந்தப் பிழை இருந்தது. புற்றாக இல்லாத கட்டிதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு பெண்கள் படுகிற பாடு சாதாரணமில்லை.

ஆய்வக வேலை வெட்டும் மேசையில் தொடங்குகிறது. வாளியில் ஃபார்மலின் ஊற்றி, அதில் கர்ப்பப்பையை முழுசாகப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இறங்கும். பெரிய கட்டியை வந்தவுடன் பிளந்து வைக்காவிட்டால் வெளிப்புறம் பதப்பட்டிருக்கும், நடுப்பகுதி கெட்டிருக்கும். கத்தி வைத்தால் ‘கரகர’வென்று சத்தம் கேட்கும். வெட்டிய முகம் வெள்ளையாக, சுற்றிய நூல்கண்டைப் போல வரிவரியாக, சுற்றியுள்ள தசையைவிடச் சற்றுப் புடைத்து நிற்கும். இப்படி இருந்தால் கவலையில்லை. மஞ்சளாகவோ கொழகொழவென்றோ ரத்தம் கட்டியோ ஓர் இடம் இருந்தால் அங்கிருந்து கூடுதலாக நாலு துண்டு எடுக்க வேண்டும். ஒரே கர்ப்பப்பையில் கட்டிகள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரு முறையாவது பிளந்து பார்த்தாக வேண்டும். மேடம் இதில் கண்டிப்பானவர். வெட்டும் மேசையில் அவசரப்பட்டவனுக்கு மைக்ராஸ்கோப்பில் எதுவும் கிடைக்காது என்பது அவருடைய அனுபவம்.

எடுத்த துண்டை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுகிறார்கள். ஹிமடாக்சிலின் என்ற நீலச் சாயம் மத்திய அமெரிக்க மரமொன்றின் கட்டையிலிருந்து வருவது. அது செல்லின் கருவைப் பிடிக்கும். இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். ஃபைப்ராய்டு முழுக்கத் தசையும் நாரும் என்பதால் ஸ்லைடு பரந்த இளஞ்சிவப்பாக இருக்கும், நடுநடுவே நீண்ட கருக்கள். நிணநீர்ச் செல் எனப்படும் லிம்போசைட்டில் உடம்பு முழுவதும் கருதான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சதை. அவை கூட்டமாக வந்துவிட்டால் இளஞ்சிவப்புப் பரப்பில் கருநீலத் திட்டுகள் விழும். ஸ்லைடை வெளிச்சத்தில் வெறும் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

அப்படியொரு ஸ்லைடைத்தான் ஒருநாள் மாணவி ஒருத்தி கொண்டுவந்தாள். நாற்பதுகளின் நடுவில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பை. நாலைந்து கட்டிகள். மூன்று கட்டிகளில் தசை நார்களுக்கு இடையே புகுந்து, சில இடங்களில் தசையே தெரியாத அளவுக்கு லிம்போசைட்டுகள் நிறைந்திருந்தன. கூடவே பிளாஸ்மா செல்களும், அங்கங்கே கொஞ்சம் பெரிய செல்களும்.

“மேடம், லிம்போமா மாதிரி இருக்கே.”

“இருக்கட்டும். எங்க போய் நிக்குதுன்னு பாரு.”

மாணவி ஸ்லைடை நகர்த்தினாள். கட்டியின் விளிம்பு வந்தது. அதைத் தாண்டி கர்ப்பப்பையின் சாதாரணத் தசை. நீலச் செல்கள் விளிம்போடு நின்றிருந்தன. அந்தப் பக்கம் ஒன்றிரண்டைத் தவிர எதுவுமில்லை.

மேடத்துக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நேரில் பார்ப்பதற்கு முன்பே படித்திருந்தார். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜூடித் ஃபெர்ரி, நான்சி ஹாரிஸ், ராபர்ட் ஸ்கல்லி மூவரும் 1989-இல் பெண்ணுறுப்பு நோயியலுக்கான பன்னாட்டு இதழில் ஏழு பெண்களின் ஃபைப்ராய்டுகளைப் பற்றி எழுதினார்கள். கட்டிக்குள் நிணநீர்ச் செல்கள் குவிந்து, பார்ப்பதற்கு நிணநீர்ப் புற்றான லிம்போமா என்றே தோன்றிய ஏழு பேர். எழுதியவர்கள் யார் என்பதும் இங்கே முக்கியம். ஸ்கல்லி சினைப்பை, கர்ப்பப்பைக் கட்டிகளின் வகைப்பாட்டில் அவர் காலத்தின் கடைசிச் சொல். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வாராவாரம் வந்த நோயாளி விவாதப் பகுதியைக் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தியவர். ஹாரிஸ் பின்னாளில், 1994-இல், லிம்போமாக்களை உலகமே புதிதாக வகைப்படுத்தக் காரணமானவர்களில் முதன்மையானவர். கட்டி தெரிந்தவரும் லிம்போமா தெரிந்தவரும் ஒரே மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து ‘இது லிம்போமா இல்லை’ என்று எழுதிக் கொடுத்தது பல ஊர்களில் பல பெண்களைத் தேவையற்ற கீமோதெரபியிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்பது மேடத்தின் கணிப்பு.

அந்தக் கட்டுரை தந்த பாடம் எளிமையானது. செல்கள் கலவையாக இருக்கின்றனவா? சிறியவை, பெரியவை, பிளாஸ்மா செல்கள் என்று பல தினுசா, அல்லது ஒரே அச்சில் வார்த்த பெரிய செல்களா? கட்டிக்குள் மட்டும் இருக்கின்றனவா, கர்ப்பப்பைத் தசையையும் பிளந்துகொண்டு போகின்றனவா? லிம்போமா எல்லைக்குக் கட்டுப்படாது. கர்ப்பப்பையில் தொடங்கும் லிம்போமாவே அபூர்வம், அதில் அதிகம் காணப்படுவது பெரிய பி-செல் வகை. அது பக்கத்துத் தசையை மரியாதையாக விட்டுவைப்பதில்லை.

சந்தேகத்தை இன்னும் சுருக்க இம்யூனோ சாயங்கள் உண்டு. சி.டி.3 போட்டால் டி-செல்கள் பழுப்பாகும், சி.டி.20 போட்டால் பி-செல்கள். இரண்டும் கலந்திருந்தால் நிம்மதி. பிளாஸ்மா செல்களில் கப்பா, லாம்டா என்ற இரண்டு புரதச் சங்கிலிகளும் தெரிந்தால் அவை பல செல்களின் வாரிசுகள். ஒன்று மட்டும் தெரிந்தால் ஒரே செல்லின் பெருக்கம், அது வேறு கதை. அந்த ஆய்வகத்தில் அப்போது இம்யூனோ வசதி இல்லை. மெழுகுக் கட்டையைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். பணம் நோயாளியின் வீட்டிலிருந்து வர வேண்டும். அதனால் மேடம் முதலில் காசு செலவில்லாத சோதனையைச் செய்தார். போனை எடுத்தார்.

மாதிரியோடு வந்த படிவத்தில் இருந்தவை ‘ஃபைப்ராய்டு, கர்ப்பப்பை நீக்கம்’ என்ற சொற்கள் மட்டுமே. வயதுகூட கிறுக்கலாக இருந்தது.

“டாக்டர், ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தம்மாவுக்கு ஹார்மோன் ஊசி ஏதாவது போட்டிருந்தீங்களா?”

“ஆமா மேடம். ரத்தம் ரொம்பக் கம்மியா இருந்துச்சு, கட்டியும் பெருசு. லூப்ரோலைடு மாசம் ஒண்ணுன்னு மூணு டோஸ் போட்டுத்தான் எடுத்தோம். ஃபார்ம்ல எழுதலையா?”

எழுதவில்லை. எழுதியிருந்தால் மாணவிக்குப் படபடப்பு வந்திருக்காது.

லூப்ரோலைடும் அதன் உறவான கோசெரலினும் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை ஏமாற்றுகிற மருந்துகள். அந்தச் சுரப்பிக்குக் கட்டளையிடும் இயற்கையான ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த குழுக்களின் தலைவர்கள் ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கில்லமனுக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோனின் செயற்கை வடிவத்தை விடாமல் கொடுத்தால் சுரப்பி முதலில் துள்ளும், பிறகு சோர்ந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்கு நின்றவர்களின் அளவுக்கு இறங்கும். ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழும் ஃபைப்ராய்டு சுருங்கும், உதிரம் நிற்கும், பெண்ணுக்கு ரத்தம் ஊற அவகாசம் கிடைக்கும். எலும்பு தேய்ந்துவிடும் என்பதால் நீண்ட நாள் கொடுப்பதில்லை. அறுவைக்கு முன் இரண்டு மூன்று மாதம் கொடுப்பது வழக்கம்.

இந்த ஊசிக்குப் பிறகு சில கட்டிகளில் லிம்போசைட்டுகள் மொய்ப்பதை 1998-இல் ‘ஹிஸ்டோபதாலஜி’ என்ற பிரிட்டிஷ் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதே இதழில் ஸ்பெயினிலிருந்து இன்னொரு குறிப்பு. கோசெரலின் போட்ட பெண்ணின் கட்டியில் வந்தவை டி-செல்கள் என்று அது சொன்னது. 2003-இல் பெல்ஃபாஸ்டிலிருந்து மெக்கிளீனும் மெக்ளகேஜும் நிணநீர்ச் செல் குவியலோடு ரத்தக் குழாய்ச் சுவரிலும் அழற்சி இருந்ததைக் காட்டினார்கள். ஊசி போட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. ஒரே கர்ப்பப்பையில் ஒரு கட்டியில் நிறைந்திருக்கும், பக்கத்துக் கட்டி வெறிச்சென்று கிடக்கும். சுருங்கிச் சிதையும் தசைச் செல்களிலிருந்து கசியும் ஏதோவொன்று காவல் செல்களை அழைக்கிறது என்ற விளக்கம் நம்பத்தக்கதாக இருக்கிறது, ஆனால் நிரூபணமான விடை இன்னும் இல்லை. ஊசியே போடாத பெண்களின் கட்டியிலும் இதே காட்சி அபூர்வமாக வருவதால், ‘ஊசிதான் காரணம்’ என்று மேடம் ஒருபோதும் ரிப்போர்ட்டில் அடித்து எழுதியதில்லை. ‘சிகிச்சையோடு தொடர்புடையதாக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது ஊசி மட்டுமல்ல, மாத்திரையும் வந்துவிட்டது. எலகோலிக்ஸ் அடங்கிய கூட்டு மருந்தை 2020-இலும் ரெலுகோலிக்ஸ் அடங்கியதை 2021-இலும் ஃபைப்ராய்டு உதிரப்போக்குக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. உலிப்ரிஸ்டால் என்ற மாத்திரை கர்ப்பப்பை உட்சவ்வில் விசித்திரமான மாற்றத்தை உண்டாக்கும், மருந்துக் கதை தெரியாதவர் அதைப் புற்றுக்கு முந்தைய நிலை என்று நினைத்துவிடலாம். ஸ்லைடு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டாது, கேட்டால்தான் தெரியும்.

லிம்போசைட் மட்டுமே விருந்தாளி இல்லை. மாஸ்ட் செல்கள் சாதாரண ஃபைப்ராய்டிலேயே கணிசமாக இருக்கும், செல் நெருக்கம் அதிகமான வகையில் இன்னும் கூடும். சாதாரணச் சாயத்தில் அவை கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருக்கும். டொலூய்டின் நீலம் போட்டால் நீலத்துக்குப் பதில் ஊதா நிறத் துகள்களோடு எழுந்து நிற்கும். இந்தச் செல்லை 1878-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அடையாளம் காட்டியவர் ஜெர்மனியின் பால் எர்லிக். அடுத்த ஆண்டே ஈசினோஃபிலையும் அவரே பிரித்துக் காட்டினார். சாயங்களோடு விளையாடிய அந்த இளைஞர்தான் பின்னாளில் சிஃபிலிஸ் நோய்க்கு மருந்தையும் கொண்டுவந்தவர்.

ஈசினோஃபில் நிறைந்த ஃபைப்ராய்டை மேடம் பார்த்தது மிக அரிது. மருத்துவ இலக்கியத்திலும் அது விரல்விட்டு எண்ணத்தக்கதுதான். நம் ஊரில் ஈசினோஃபில் என்றதும் குடற்புழு, யானைக்கால் புழு, ஒவ்வாமை என்று மனம் ஓடும். ஓடுவதில் தவறில்லை, ரத்தத்தில் அதன் அளவைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ரத்தம் சாதாரணமாக இருந்து கட்டிக்குள் மட்டும் ஈசினோஃபில் குவிந்திருந்தால் அதை அப்படியே பதிவு செய்துவிட்டு நகர வேண்டியதுதான்.

காரணம் பளிச்சென்று தெரிகிற அழற்சிகளும் உண்டு. உட்சவ்வை ஒட்டி வளர்ந்து, கர்ப்பப்பை வாய் வழியே பிதுங்கி நிற்கும் கட்டியின் மேல்தோல் புண்ணாகியிருக்கும். அங்கே வெள்ளையணு இருப்பதில் அதிசயமில்லை. பிரசவத்துக்குப் பின்னோ கருச்சிதைவுக்குப் பின்னோ கட்டியில் சீழ் பிடிப்பது உண்டு. அதில் நியூட்ரோஃபில் நிறைந்திருக்கும், நோயாளிக்குக் காய்ச்சலும் வலியும் இருக்கும். 1995-இல் பாரிஸில் ஜாக் ரவினா குழுவினர் கர்ப்பப்பைத் தமனியை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் சிகிச்சையை அறிவித்தார்கள். அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் அறுவை தேவைப்பட்டவர்களின் ஸ்லைடில், ரத்தக் குழாய்க்குள் அடைத்த துகள்களைச் சுற்றி ராட்சதச் செல்கள் உட்கார்ந்திருக்கும்.

ராட்சதச் செல் என்றால் நம் நாட்டில் முதலில் வரும் நினைப்பு காசநோய். கருக்கள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும் லாங்ஹான்ஸ் செல்லும், நடுவில் சிதைந்த திசுவும் இருந்தால் ஜீல்–நீல்சன் சாயம் போட்டுப் பார்த்தாக வேண்டும். காசநோய் கருக்குழாயிலும் உட்சவ்விலும் பரவலாகத் தங்கும், ஃபைப்ராய்டுக்குள் வருவது அபூர்வம். ஆனால் ஆய்வகத்தில் இந்த ஒரு நோயைத் தேடாமல் விட்டதற்குச் சாக்குச் சொல்ல முடியாது என்று மேடம் கறாராக இருந்தார்.

எல்லாவற்றிலும் கவனம் கேட்பது வேறொன்று. ‘இன்ஃப்ளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் ட்யூமர்’ என்று நீளமான பெயர் கொண்ட கட்டி. ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அறுவையில் ஃபைப்ராய்டு, மைக்ராஸ்கோப்பிலும் அவசரமாகப் பார்த்தால் அழற்சி உள்ள ஃபைப்ராய்டு. ஆனால் இது தனி ஜாதி. தளர்ந்த, நீர் கோத்த திசுவில் நீண்ட செல்கள் மிதக்கும், ஊடே லிம்போசைட்டும் பிளாஸ்மா செல்லும் இருக்கும். பெரும்பாலானவற்றில் ஏ.எல்.கே. என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருக்கும், அதற்கான இம்யூனோ சாயம் பழுப்பாகும். பலருக்குத் தொல்லை தராது. சிலருக்குத் திரும்ப வரும், வேறு உறுப்புக்கும் போகும். அப்படிப் போனால் கிரிசோடினிப் போல அந்த மரபணுவைக் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. பெயர் சரியாக வைத்தால்தான் அந்த மாத்திரை நினைவுக்கு வரும். ‘வெள்ளையணு இருக்கு, ஆனா கட்டி சாதாரணம்தான்’ என்று சொல்லும் முன் ஏ.எல்.கே. கேட்டுவிடுங்கள் என்று பிற்காலத்தில் மாணவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

விளிம்பைப் பார் என்ற அவருடைய பழைய பாடத்துக்கு லேப்ராஸ்கோப்பி ஒரு சோதனை வைத்தது. துளை வழியே கட்டியை எடுக்க வேண்டுமானால் உள்ளேயே இயந்திரத்தால் சீவித் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். ஆய்வகத்துக்கு வருவது ஒரு டப்பா நிறையச் சீவல்கள். எது விளிம்பு, எது நடு, எது பக்கத்துத் தசை என்று யாருக்கும் தெரியாது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்யும் பெண்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா என்ற புற்று இருக்கக்கூடும் என்று கணித்து, சீவும் இயந்திரத்துக்கு எதிராக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் எச்சரித்தது. பிறகு வந்த கணக்குகள் பல அதைவிடக் குறைவு என்றன. சார்கோமா பற்றிய சண்டையில் நோயியல் மருத்துவரின் சின்னப் புகார் யார் காதிலும் விழவில்லை: சீவிவிட்டால் நீலச் செல்கள் எங்கே நின்றன என்று சொல்ல வழியே இல்லை. அந்த நிலையில் இம்யூனோ சாயம்தான் துணை.

மூன்று டோஸ் ஊசி போட்ட அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் ‘லியோமயோமா (ஃபைப்ராய்டு), அடர்த்தியான லிம்போசைட் ஊடுருவலுடன், லிம்போமாவுக்கான அடையாளம் இல்லை’ என்று போனது. குடும்பத்தார் சம்மதித்ததால் சி.டி.3, சி.டி.20 இரண்டும் செய்யப்பட்டு, கலவை என்பது உறுதியான பிறகே கையெழுத்தானது. இரண்டு நாளில் அந்தப் பெண்ணின் மகன் வந்து நின்றான். கையில் ரிப்போர்ட், செல்போனில் தேடிய பக்கம்.

“லிம்போமான்னு போட்டிருக்கே மேடம். அம்மாவுக்குக் கேன்சரா?”

“இல்லைன்னுதான்பா போட்டிருக்கு. கட்டி சாதாரணக் கட்டி. அதுக்குள்ள வந்திருக்கறது அவங்க உடம்போட சொந்த வெள்ளை அணு. வாங்க, காட்டறேன்.”

அவனை மைக்ராஸ்கோப்பில் உட்கார வைத்து விளிம்பைக் காட்டினார். நோயாளியின் வீட்டாரை ஆய்வகத்துக்குள் விடுவது வழக்கமில்லை. அது வழக்கமாக வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு அவர் இன்னொன்றையும் மாற்றினார். ‘இல்லை’ என்று சொல்வதற்காகப் பயங்கரமான பெயரை ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதுவதை நிறுத்தினார். அது கீழே, மருத்துவருக்கான குறிப்பில் போகும்.

ஓய்வுக்குப் பிறகும் மருத்துவச் சங்கக் கூட்டங்களில் அவர் கேட்பது ஒன்றுதான். மாதிரியோடு அனுப்பும் படிவத்தில் நோயாளியின் வயது, மாதவிலக்கு நிலை, போட்ட ஊசி, கொடுத்த ஹார்மோன் மாத்திரை, தமனி அடைப்புச் சிகிச்சை, காப்பர்-டி, காசநோய் வரலாறு ஆகியவற்றை அறுவை மருத்துவர் எழுத வேண்டும். நோயாளிகளுக்கும் அவர் சொல்வது உண்டு: கர்ப்பப்பை அறுவைக்குப் போகும்போது கடந்த ஓராண்டில் எடுத்த மருந்துகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், ‘இதை பயாப்ஸி ஃபார்மில் சேருங்கள்’ என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் புரியாத வரி இருந்தால் இணையத்தில் தேடும் முன் கையெழுத்துப் போட்டவரிடம் கேளுங்கள். ஸ்லைடும் மெழுகுக் கட்டையும் ஆய்வகத்தில் சில ஆண்டுகளாவது இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் அவற்றை வாங்கிப்போய் இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு.